ஈரலின் வில்லங்கம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாப்பிடுவதை எல்லாம் தேதி போட்டு இந்த நோட்டில் எழுத வேண்டுமாம். மதுரை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். இருபத்து மூன்று வருடமாகக் கோவில்பட்டி பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊரார் சொத்தையெல்லாம் எழுதிய கை இது. இன்று முதல் என் இட்லிகளை எழுதப் போகிறது.

காலை: இட்லி நான்கு. (எனக்கு நான்கு என்பது பாதி.) பதினோரு மணி: சர்க்கரை போடாத டீ. அதை டீ என்று கொடுத்த கடைக்காரரை மன்னித்தேன். மதியம்: சோறு ஒரு கிண்ணம், கீரை, மோர். இரவு: தோசை இரண்டு. மேஜை டிராயரில் இருந்த கடலை மிட்டாய் டப்பாவை ஸ்டாம்பு விற்கும் பிச்சையாவிடம் தூக்கிக் கொடுத்தாயிற்று.

பத்திரம் என்றால் சொத்து வந்த வகையைச் சொல்லியாக வேண்டும். என் மனைவி சண்முகக்கனிக்கு ஈரல் சுருங்கிவிட்டது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே திரும்பி நின்று ஈரலைத் தாக்குகிற நோய். இரண்டு வருடம் மாத்திரையில் ஓட்டினோம். இனிமேல் வேறு ஈரல் வைத்தால்தான் உண்டு. இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குப் பதிந்து வைத்திருக்கிறோம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிற நெருங்கிய உறவு ஒருவர் பாதிக்குமேல் வெட்டிக் கொடுத்தாலும் போதும் என்றார் டாக்டர். கொடுத்தது அங்கே வளருமாம், மிச்சம் இங்கே வளருமாம். நான் நம்பாமல் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னேன்.

என் ரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. சேராதது கொழுப்பு. டாக்டர் படத்தைக் காட்டினார்.

"உங்க ஈரல்ல இருபத்தி நாலு சதவீதம் கொழுப்பு இருக்கு, மாரியப்பன். இதை வெட்டி வச்சா அவங்களுக்கும் ஒழுங்கா வேலை செய்யாது, மிச்சத்தை வச்சு உங்களாலயும் தாங்க முடியாது. பத்துக்குக் கீழ கொண்டு வாங்க."

"அதுக்கு மருந்து எதுவும் இருக்கா சார்? ஊசி, கீசி?"

"கிடையாது. நடக்கணும், சாப்பாட்டைக் குறைக்கணும், நாள் ஆகணும். பத்து வாரம் தர்றேன்."

வில்லங்கம் உள்ள சொத்தைத் தானம் எழுத முடியாது என்று நான் எத்தனை பேரிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருப்பேன். இன்று எனக்குச் சொன்னார்கள். எடை 96. வயது 47.

ஆகஸ்ட் 13, புதன்

கனி உடற்கல்வி டீச்சர். பெண்கள் பள்ளியில் இருபது வருடமாகப் பிள்ளைகளை ஓடவிடுவதே அவள் வேலை. கல்யாணமான புதிதிலிருந்து "கூட நடக்க வாங்க" என்று கூப்பிட்டவள் அவள். "நான் நடந்து போய்விட்டால் பத்திரம் எழுத வருகிற கட்சிக்காரர் என்னை எங்கே தேடுவார்" என்று நகர்ந்தவன் நான். இப்போது ஓடினவளுக்கு ஈரல் போயிற்று, உட்கார்ந்தே இருந்தவனிடம் கேட்டு நிற்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

காலை ஆறு மணிக்கு அவள் பள்ளி மைதானம். அவள் சிமெண்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள். கழுத்தில் விசில். மஞ்சள் பாரித்த கண்ணோடு என்னைக் கோட்டில் நிறுத்திவிட்டு விசிலை வாயில் வைத்து ஊதினாள். காற்று மட்டும் வந்தது. மறுபடி ஊதினாள். மறுபடியும் காற்று. விசிலை விட்டுவிட்டு, எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்து வீட்டுச் சாவியால் தட்டினாள்.

"ரெண்டு தட்டு தட்டுனா நடக்கணும். ஒரு தட்டு தட்டுனா நிக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்."

ஒரு ரவுண்டு நானூறு மீட்டர். இரண்டு ரவுண்டு முடிவதற்குள் எனக்கு மேல்மூச்சு வாங்கியது. வீராப்பில், இன்னும் நான்கு போகிறேன் என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். இன்னைக்குப் பெருசா நடந்துட்டு நாளைக்குப் படுத்துக்கிடக்கப் பாக்குதீகளா? நாளைக்கும் வரணும். நாளன்னைக்கும் வரணும். அம்புட்டுதான் பாடம்."

ஆகஸ்ட் 16, சனி

ரவுண்டு மூன்று. கெண்டைக்கால் இரண்டும் என்னோடு பேசுவதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை: கேப்பைக் கூழ். மதியம்: சோறு அரைக் கிண்ணம், அவரைக்காய். இரவு: ஒரு தோசை. ஒன்றோடு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு.

மகள் சுபிக்ஷா இந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தபோது சாதாரணமாகச் சொன்னாள்: "டிசம்பர் பதினாலு எனக்குப் பதினெட்டு முடியுதுப்பா. அதுக்கப்புறம் நானே அம்மாவுக்குக் குடுக்கலாமாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்."

கனி கத்தவில்லை. கையிலிருந்த தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, என் பிள்ளை வயித்தைக் கீறி நான் ஒண்ணும் வாழ வேண்டாம். அப்படி ஒரு பேச்சு வந்தா நான் ஆஸ்பத்திரிப் படியே ஏற மாட்டேன். எழுதி வச்சுக்கோ."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான். நீங்க ஆகலன்னா ஒண்ணும் இல்ல."

டிசம்பரைத் தாண்டித் தள்ள முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆவணி முகூர்த்தம். பத்திர ஆபீசில் நிற்க இடமில்லை. காலையில் ஐந்து ரவுண்டு, சாயங்காலம் நான்கு. பதினேழு நாள் ஆயிற்று. எடை 95.1. மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் பருப்பு, குறைந்த இந்த எடையைவிடக் கூட இருக்கும்.

நான் தராசைத் திட்டுவதைக் கேட்டுப் பிச்சையா சிரித்தார். "அண்ணாச்சி, எதுக்கு இந்த நாய்ப்பாடு படுதீக? எங்க மாமா மகன் ஒரு மூலிகைப் பொடி குடிச்சான். ஒரே மாசத்துல பதினோரு கிலோ. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சு. என்கிட்டயே ஒரு டப்பா கெடக்கு."

வேண்டாம் என்றேன். டப்பாவை மிட்டாய் இருந்த டிராயரில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை: வெந்நீர். இட்லி மூன்று. ரவுண்டு ஆறு.

செப்டம்பர் 3, புதன்

காலை: வெந்நீர். இட்லி இரண்டு. பசியே இல்லை.

செப்டம்பர் 6, சனி

வெந்நீர். எடை 93.2!

கனி தராசைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரு வாரத்துல இம்புட்டா? அப்படிக் குறையாதே" என்றாள். பிறகு அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை, சுபிக்ஷாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெந்நீர் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 10, புதன்

வெந்நீர். வயிறு சரியில்லை. நான்கு முறை. ரவுண்டு இரண்டுதான் முடிந்தது.

செப்டம்பர் 13, சனி

வெந்நீர். எடை 91.4. தலை சுற்றுகிறது. திங்கட்கிழமை மதுரையில் ரத்தப் பரிசோதனை.

செப்டம்பர் 15, திங்கள்

எடை குறைந்ததை டாக்டர் பாராட்டவில்லை. ரத்த அறிக்கையை மேஜையில் வைத்து விரலால் தட்டினார். ஈரல் காயப்பட்டிருந்தால் ஏறுகிற அளவு ஒன்று உண்டாம். ஐம்பதுக்குள் இருக்க வேண்டியது எனக்கு இருநூற்றைத் தாண்டியிருக்கிறது.

"வெளி மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா? பொடி, லேகியம், கஷாயம்?"

"இல்ல சார்."

கனி என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அப்ப ஏன்னு தெரியல. இது இறங்குற வரைக்கும் உங்களைத் தொட முடியாது. அடுத்த தடவையும் இப்படி இருந்தா வேற டோனர்தான் பாக்கணும். வீட்ல வேற யார் இருக்கா?"

பஸ்ஸில் சாத்தூர் வரை கனி பேசவில்லை. சாத்தூரில் வெள்ளரிக்காய் விற்கிறவரிடம் இரண்டு வாங்கி ஒன்றை என் கையில் கொடுத்தாள். இன்று சாப்பிட்டது அது ஒன்றுதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கோவில்பட்டியில் வசிக்கும் மாரியப்பன் என்ற தங்கமாரியப்பன் ஆகிய நான், மேற்படி ஊரில் என்னோடு வசிக்கும் என் மனைவி சண்முகக்கனிக்கு என் முழு மனதுடன் எழுதிக்கொடுத்த பிழைத்திருத்தல் பத்திரம் என்னவென்றால்:

இந்த நோட்டில் செப்டம்பர் 2 முதல் 13 வரை ‘வெந்நீர்’ என்று கண்டிருப்பது பிழை. அதை ‘வெந்நீரில் மூலிகைப் பொடி இரண்டு கரண்டி’ என்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி பிழை பிறர் தூண்டுதலால் நேர்ந்ததன்று. பயத்தினால் நேர்ந்தது. நாள் போதாதோ என்ற பயம். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிடுமோ என்ற பயம். டாக்டர் கேட்டபோது பொய் சொன்னது வெட்கத்தினால். இதற்கு மேல் என்னிடம் மறைவு எதுவும் இல்லை.

இதை எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். சும்மா நிற்கக் கூடாதென்று துணி காயப்போட்டேன்.

அவள் வந்தாள். "பத்தொம்பது வருசத்துல நீங்க ஒரு நாள் வெந்நீர் குடிச்சு நான் பாத்ததில்ல. நேத்து ஆஸ்பத்திரியில நோட்டைப் புரட்டும்போதே தெரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்லுதீகளான்னு ராத்திரி முழுக்கப் பாத்துக்கிட்டிருந்தேன்."

கையிலிருந்த ஈரத்துணியை மறுபடி பிழிந்தேன்.

"ஓட்டப் பந்தயத்துல விசில் ஊதறதுக்கு முந்தி ஒருத்தி ஓடிட்டான்னா நாங்க அவளை அடிக்கவா செய்யுதோம்? திரும்பக் கோட்டுக்கு வரச் சொல்லுவோம். உங்களுக்கு இது ஃபால்ஸ் ஸ்டார்ட். ஒரு தடவைதான் மன்னிப்பு. ரெண்டாவது தடவைன்னா வெளியே." சொல்லிவிட்டு டாக்டருக்கு அவளே போன் போட்டாள். போனை என் கையில் கொடுத்தாள். நானே சொன்னேன்.

டாக்டர் திட்டியதை எழுத இடம் போதாது. கடைசியில், காயம் ஆறவே நாலைந்து வாரம் ஆகும் என்றார். மறுபரிசோதனை நவம்பர் 24. அதில் தேறாவிட்டால் இன்னொரு தேதி கிடையாது.

ஒரு மாதத்தைக் குறுக்கு வழியில் சம்பாதிக்கப் பார்த்து ஒரு மாதத்தைத் தொலைத்தேன். பத்திரத்துக்கு முன்தேதி போடச் சொல்லி வருகிறவர்களை விரட்டியடிக்கிறவன் நான். உடம்பும் முன்தேதி வாங்காது என்பது எனக்கு உறைக்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

கோட்டுக்குத் திரும்பினேன். இரண்டு தட்டு. ரவுண்டு மூன்று.

பொடி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். பிச்சையா பயந்துபோய், தானும் இனி காலையில் மைதானத்துக்கு வருவதாகச் சத்தியம் செய்தார். நாளைக்குப் பார்ப்போம்.

செப்டம்பர் 18, வியாழன்

வரவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலை: இட்லி இரண்டு, அவித்த முட்டை. மதியம்: காய் நிறைய, சோறு கொஞ்சம். இரவு: கேப்பை ரொட்டி. ரவுண்டு எட்டு, சாயங்காலம் ஆறு. எடை 92. பொடி பறித்தது எல்லாம் வெறும் தண்ணீராம், ஒரு வாரத்தில் கொஞ்சம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்றும் இதே சாப்பாடு, இதே ரவுண்டு. நாளையும் இதேதான். எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

எழுத இருக்கிறது.

எட்டாவது ரவுண்டு நடக்கும்போது கனி பாட்டிலை மூன்று தட்டு தட்டினாள். மூன்று தட்டுக்கு என்ன அர்த்தம் என்று பேசி வைத்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். கையை முன்னால் வீசிக் காட்டினாள். ஓடச் சொல்கிறாள்.

ஓடினேன்.

முதல் வளைவில் விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். விழவில்லை. இரண்டாவது வளைவில் மூச்சு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அது ஒரு தாளத்தில் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது, என்னைக் கேட்காமலே. கால் தன் பாட்டுக்கு மண்ணைத் தள்ளுகிறது. காது ஓரம் காற்று போகிறது. நாற்பத்தேழு வருடம் இந்த உடம்பில் குடியிருந்திருக்கிறேன், இப்படி ஒரு சங்கதி உள்ளே இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. யாரும் வந்து புதிதாக வைக்கவில்லை. முதலிலிருந்தே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. வேர்வையோடு வேர்வையாகப் போயிற்று.

நானூறு மீட்டர். நிற்காமல். கோட்டைத் தாண்டும்போது கனி எழுந்து நின்றிருந்தாள். அவள் எழுந்து நிற்பதற்கு ஒரு கை ஊன்ற வேண்டும், இரண்டு முறை முயல வேண்டும். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை.

வழக்கம்போல் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினாள். முதல் நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தொண்ணூற்று நான்கு. இன்று ஆறவிட்டு எண்ணியபோது எழுபத்து இரண்டு. "இருதயம் நிதானத்துக்கு வந்துட்டு" என்றாள். அவள் விரல் நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிருது என்றாள். கோவில்பட்டியில் அக்டோபரில் ஏது குளிர்?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் அரை. மீதி அரையைக் கனி தின்றாள். அவளுக்கும் உப்பு, எண்ணெய் ஆகாது. இருவரும் சுபிக்ஷாவுக்குத் தெரியாமல் அடுப்படியில் நின்று தின்றோம். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் காயத்தைக் காட்டும் அந்த அளவு நாற்பத்து ஒன்று. காயம் ஆறிவிட்டது! கெடுத்த பிறகும் கோபித்துக்கொள்ளாமல் அது பாட்டுக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. என் ஈரலுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்? எடை 88.3.

நவம்பர் 3, திங்கள்

காலையில் கனி மைதானத்துக்குக் கிளம்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுபிக்ஷா காபி கொண்டு வந்தாள்.

"நீ எந்த கிளாஸ்ம்மா? ஸ்போர்ட்ஸ் டேக்குப் பேர் குடுத்துட்டியா?" என்று கேட்டாள் கனி.

சுபிக்ஷா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறினால் இப்படி ஆகுமாம். மத்தியானத்துக்குள் மதுரையில் சேர்த்துவிட்டோம். மருந்து கொடுத்தால் தெளியும், ஆனால் திரும்பத் திரும்ப வரும் என்றார்கள். சுபிக்ஷா என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "இன்னும் நாப்பத்தியோரு நாள்தானப்பா இருக்கு. நான் அம்மாகிட்ட பேசட்டா?"

"பேசக் கூடாது" என்றேன். "அதுக்கு முன்னாடி என் தேதி வருது."

நவம்பர் 5, புதன்

நேற்று சாயங்காலமே கனிக்குத் தெளிந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி: "எத்தனை ரவுண்டு?"

இரண்டு நாளாகப் போகவில்லை என்றேன். துணைக்குத் தன் தங்கை வந்துவிட்டாள் என்று சொல்லி என்னை ஊருக்கு அனுப்பிவிட்டாள்.

இன்று காலை மைதானத்தில் யாருமில்லை. படியும் காலி. நடக்காமல் திரும்பினாலும் யாருக்கும் தெரியாது, நோட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பாட்டிலையும் சாவியையும் கையோடு கொண்டு வந்திருந்தேன். நானே இரண்டு தட்டு தட்டினேன். படியில் வைத்தேன். ஓடினேன். பத்து ரவுண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் படியைப் பார்க்காமல் தாண்ட முடியவில்லை. இருபது வருடம் அவள் இந்த இடத்தில் விடியற்காலையில் தனியாக நின்றிருக்கிறாள். நான் வீட்டில் போர்வைக்குள் இருந்திருக்கிறேன்.

எழுதியது பத்து. ஓடியதும் பத்து.

நவம்பர் 6 முதல் 22 வரை

தினமும் பத்து. சாயங்காலம் மலையடிவாரம் வரை நடை. ஒரு நாளும் விடவில்லை. மழை பெய்த இரண்டு நாளும்.

நவம்பர் 24, திங்கள்

டாக்டர் ஆகஸ்ட் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் இது தெரிந்தது. அதில் மங்கலும் புகையுமாகக் கிடந்தது, இதில் பளிச்சென்று, கரை சுத்தமாக இருக்கிறது.

"ஆறு சதவீதம்" என்றார். "எடை எண்பத்தி மூணு. நான் இதை எதிர்பார்க்கல, மாரியப்பன். எப்படிச் செஞ்சீங்க?"

"நாளைக்கும் வரணும்னு சொன்னாங்க சார். வந்தேன்."

இது என் வயிற்றுக்குள் இருக்கிறதா என்று சட்டையின் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். யாரும் அறுக்கவில்லை, சுரண்டவில்லை. நூறு நாள் விடியற்காலை, ஒரு மைதானம், ஒரு பாட்டில் சத்தம். அவ்வளவு சாதாரணமான பொருட்களால் இது ஆகியிருக்கிறது என்பதுதான் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. கனியை இன்னும் வீட்டுக்கு விடாமல் வைத்திருந்த வார்டுக்கு ஓடிப் போய் அவளிடம் சொன்னேன்: "வில்லங்கம் நீங்கிட்டு!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என் கையை மட்டும் விடவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

உறுப்பு தானத்துக்கு ஒப்புதல் தருகிற குழு. மூன்று அதிகாரிகள். கனியைச் சக்கர நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டு எல்லாம் பார்த்த பிறகு நடுவில் இருந்த அம்மா கேட்டார்: "யாரும் கட்டாயப்படுத்தலையே? நீங்களா குடுக்கறீங்களா?"

"நானாத்தான்."

"ஏன் குடுக்கறீங்கன்னு உங்க வாயால சொல்லணும்."

ஊரில் பேச்சுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. நேற்று முழுவதும் யோசித்து வைத்திருந்த பதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கை தன்னால் எழுதுகிற வரி மட்டும்தான் வந்தது.

"இவள் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்."

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "பத்திரத்துல எழுதுற மாதிரியே சொல்றீங்களே!"

"தொழில் அதுதாங்க."

வெளியே வராந்தாவில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும்போது கனி கேட்டாள். "அந்த வரியை இதுவரைக்கும் எத்தனை பேருக்கு எழுதியிருப்பீக?"

"தான பத்திரம் மட்டும் ஆயிரம் இருக்கும்."

"எனக்கு இன்னைக்குத்தான் காதுல விழுது" என்றாள்.

நல்லவேளை, நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

நாளை. காலை ஆறு மணிக்கு அழைத்துப் போவார்களாம். அது என் ரவுண்டு நேரம்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று சுபிக்ஷாவுக்குப் பதினெட்டு. தேவைப்படவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. வயிற்றில் தையல் இழுக்கிறது. ஈரலோடு பித்தப்பையையும் எடுத்துவிட்டார்களாம்.

ஓடிப் பழகிய நுரையீரல் என்பதால் நான் சீக்கிரம் எழுந்துவிட்டேன் என்று நர்ஸ் சொன்னார். என் அறையிலிருந்து கனி இருக்கிற அறைக்கு எழுபத்தெட்டு அடி. சுபிக்ஷா ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, முகமூடி மாட்டிக்கொண்டு நடந்தேன். கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க விட்டார்கள்.

கனி திரும்பினாள். எனக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது, என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. அவள் கண் வெள்ளையாக இருக்கிறது.

இரண்டு வருடமாக மஞ்சளையே பார்த்துப் பார்த்து, மனுஷக் கண்ணில் வெள்ளை உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆறு நாள். அதற்குள் என்னுடையது அவளுக்குள் வேலையைத் தொடங்கி, கழுவிவிட்டிருக்கிறது. அப்படியே கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

அவள் வாயசைவில் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. சுபிக்ஷாதான் புரிந்துகொண்டு சொன்னாள்: "கையை வீசி நடக்கணுமாம்பா."

மார்ச் 11, புதன்

மூன்று மாத ஸ்கேன், இருவருக்கும்.

என்னிடம் நாற்பது சதவீதம்தான் மிச்சம் வைத்திருந்தார்கள். இன்று ஏறக்குறைய முழு அளவுக்கு வந்துவிட்டது. கனிக்குள் போனதும் அவளுக்கு வேண்டிய அளவு வளர்ந்துவிட்டது. டாக்டர் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார்.

எத்தனை பாகப்பிரிவினை எழுதியிருப்பேன்! அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, எந்தச் சொத்தைப் பிரித்தாலும் சிறுத்துத்தான் போகும். ஒரு ஏக்கர் இரண்டு அரை ஏக்கர் ஆகும், வீடு இரண்டு அறை ஆகும், பிரித்தவர்கள் முகமும் அப்படியே. பிரித்த பிறகு இரண்டு பங்கும் முழுசான சொத்தை இந்த உலகத்தில் இன்றுதான் பார்க்கிறேன். அதுவும் என் வயிற்றில்.

மார்ச் 12, வியாழன்

காலை: இட்லி மூன்று, முட்டை. அதற்கு முன்னால் மைதானம்.

கனி முகமூடியோடு இரண்டு ரவுண்டு நடந்தாள், நான் பக்கத்தில். இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் படிக்குப் போய் உட்காரப் போகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலையும் சாவியையும் எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. என்னைக் கோட்டுக்குப் போகச் சொன்னாள். முகமூடியைக் கீழே இறக்கினாள். கழுத்திலிருந்த விசிலை வாயில் வைத்தாள்.

மைதானத்து வேப்பமரத்திலிருந்து காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. அப்படி ஒரு சத்தம். கேட்டுக்கு வெளியே பால்காரர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

நான் கோட்டிலேயே நின்றுவிட்டேன். எதிரில் இருந்தது எல்லாம் கலங்கித் தெரிந்தது.

"விசில் ஊதியாச்சு" என்று கத்தினாள் கனி. "என்ன நிக்குதீக? ஓடுங்க!"